கைமாற்றுக் கேட்பதில் இழிவில்லை

குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்து, கையிருப்பும் போதாதபோது, நம்மில் சிலர் முதலில் வட்டிக்காரரையே நாடுகிறோம். அறிந்தவரிடம் கேட்டால் மதிப்புக் குறையும் என்னும் தயக்கமே காரணம். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி என்பது சிறிதாய்த் தோன்றும். 50,000 ரூபாய்க்கு ஓராண்டில் அது 18,000 ரூபாய் ஆகிவிடும்.

ஆகவே, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கைமாற்றுக் கேட்பதே நன்று என்பது நம் கருத்து. ஆயினும் அதற்கு முறை உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சை அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேட்டறிவோம். தகுதியுள்ள குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவும். செலவு மதிப்பீட்டைப் பெற்று, எஞ்சும் தொகையை மட்டும் கேட்போம்.

நோயாளியைக் காண வந்தவரிடம் படுக்கையருகே கேட்கலாகாது. அங்கு அவரால் மறுக்க இயலாது. அவர் இல்லத்துக்குச் சென்று கேட்போம். நோயாளி வேலைக்குத் திரும்பத் தாமதமாகலாம் என்பதையும் மறைக்காமல் கூறி, தொகையையும் திருப்பித் தரும் நாளையும் எழுதிக் கொடுப்போம்.

அவர் இயலாதென்றால் மனத்தாங்கல் வேண்டா. அவர் வீட்டிலும் நாமறியாத செலவு இருக்கக்கூடும். கொடுத்தபின் தவணை தவறும் எனத் தெரிந்தால், அவர் கேட்குமுன் நாமே சென்று சொல்வோம். கடன் தாமதமாவதைவிட, கொடுத்தவர் கண்ணில் படாமல் ஒதுங்குவதே உறவைக் கெடுக்கும்.