ஆப்கானில் எடுபடாத மலாயா பாடம்

ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா நடத்திய இருபதாண்டுப் போர் ஏன் வீணாய்ப் போனது என்ற விவாதம், 2021 ஆகஸ்டு 15ஆம் தேதி காபூல் தாலிபான் கைக்குப் போன பிறகும் ஓயவில்லை. இன்னும் சில காலம் படையை வைத்திருந்தால் நிலைமை மாறியிருக்கும் என்கிறது ஒரு தரப்பு. தொடக்கத்திலேயே திரும்பியிருக்க வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. இதில் மலாயாவின் பெயரும் அடிபடுகிறது. கிளர்ச்சியை ஒடுக்குவது பற்றி 2006இல் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட கையேடு, 1948 முதல் 1960 வரை இங்கு நீடித்த அவசரகாலத்தையும் பாடமாக எடுத்துக்கொண்டது.

'மக்கள் மனத்தை வெல்வது' என்பார்கள். தோட்டத்து முதியவர்களிடம் கேட்டால் அந்த வெற்றி எப்படி வந்தது என்பது தெரியும். லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். அரிசியை அளந்து கொடுத்தார்கள். ஊரடங்கு வேறு. சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர்.

ஆனால் முள்வேலி மட்டும் போரை முடிக்கவில்லை. 1955இல் தேர்தல் நடந்தது, 1957இல் சுதந்திரம் வந்தது. வெள்ளைக்காரனை விரட்டவே துப்பாக்கி ஏந்தினோம் என்றவர்களின் பேச்சு அதன் பிறகு எடுபடவில்லை. பிரிட்டிஷார் கிளம்பும் தேதியே கம்யூனிஸ்டுகளைப் பலவீனமாக்கியது.

ஆப்கானில் இது தலைகீழானது. 2009 டிசம்பரில் ஒபாமா கூடுதலாக 30,000 வீரர்களை அனுப்புவதாக அறிவித்தார். 2011 ஜூலையில் திருப்பி அழைக்கத் தொடங்குவதாகவும் அதே உரையில் சொன்னார். காத்திருந்தால் போதும் என்ற நிலை தாலிபானுக்கு வந்தது. மலாயாவில் ஆட்சியை வாங்கிக்கொள்ள மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசு இருந்தது. காபூலிலோ 2009, 2014, 2019 அதிபர் தேர்தல்கள் மூன்றிலும் மோசடிப் புகார். லஞ்சத்துக்கும் குறைவில்லை. போதாததற்கு, தாலிபான் தலைவர்கள் எல்லை தாண்டிப் பாகிஸ்தானில் பத்திரமாக இருந்தார்கள். மலாயாக் கம்யூனிஸ்டுகளுக்குத் தாய்லாந்து எல்லைக் காடுதான் கிடைத்தது, அந்நாட்டு அரசின் ஆதரவு கிடைக்கவில்லை.

அமெரிக்க அரசின் சொந்தக் கண்காணிப்பு அலுவலகமே 2021இல் குறை சொன்னது: நடந்தது ஓர் இருபதாண்டு முயற்சி அல்ல, ஓராண்டு முயற்சிகள் இருபது என்ற பொருளில். அதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். புதிதாக வந்தவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். மறுசீரமைப்புக்கு மட்டும் சுமார் 145 பில்லியன் டாலர் செலவானது. அமெரிக்க வீரர்கள் 2,400க்கும் அதிகமானோர் மாண்டனர். அதிகம் பேசப்படாத கணக்கு ஒன்று உண்டு: ஆப்கான் ராணுவத்திலும் போலீஸிலும் இறந்தவர்கள் 60,000க்கும் மேல். போரிட மனமில்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்வது நியாயமில்லை.

பெரிய பிழை மேசையில் நடந்தது. 2001 டிசம்பரில் பான் நகரில் புதிய ஆட்சி பற்றிப் பேசியபோது, தோற்றுக் கிடந்த தாலிபானை அழைக்கவில்லை. 2020 பிப்ரவரி 29ஆம் தேதி டோஹாவில் பலம் பெற்ற தாலிபானோடு ஒப்பந்தம் போட்டபோது, காபூல் அரசுக்கு அங்கே நாற்காலி இல்லை. ஆனால் அந்த ஒப்பந்தப்படி 5,000 தாலிபான் கைதிகள் வரை விடுவிக்க வேண்டிய பொறுப்பு, கையெழுத்தே போடாத அந்த அரசின் தலையில் விழுந்தது.