குருந்தூர்மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவோம்

எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் கல்விச் சுற்றுலா என்றால் சிகிரியா, அனுராதபுரம், கண்டி, பேராதனைப் பூந்தோட்டம்தான். விடியமுன் பேருந்து வெளிக்கிட்டுவிடும். போகட்டும், அவையும் பார்க்க வேண்டிய இடங்களே. ஆனால் எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில் நாயாற்றிலிருந்து செம்மலை, அளம்பில், குமுழமுனை என்று போனால் தண்ணிமுறிப்புக் குளத்துக்குக் கிட்ட குருந்தூர்மலை இருக்கிறது. 1933இலேயே வர்த்தமானியில் ஏறிய தொல்லிடம். நான் வரலாறு படிப்பிக்கும் தரம் 10 பிள்ளைகளில் பலர் அதைச் செய்தியில்தான் பார்த்திருக்கிறார்கள். இந்த முறை பயணத்திட்டத்தில் அதை முதலாவதாக எழுதினேன்.

"டீச்சர், அங்க எங்களை விடுவினமோ?" என்றாள் ஒரு மாணவி.

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 2021 ஜனவரியில் அமைச்சர் ஒருவர் முன்னிலையில், படையினர் சூழ, அங்கே அகழ்வு தொடங்கியது. வெளிவந்த எண்முகக் கல்லைப் பல்லவர் கால இலிங்கம் என்றார்கள் ஒரு சாரார்; தூபியின் உறுப்பு என்றார்கள் மற்றவர்கள். மலை தொடர்பாக வழக்கு நடந்தது. அதை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி, உயிரச்சுறுத்தல் என்று சொல்லி 2023 செப்டம்பரில் பதவி விலகி நாட்டைவிட்டே போனார். எங்கள் நாயாற்று நீராவியடிப் பிள்ளையார் கோயிலடியில் 2019இல் நீதிமன்றக் கட்டளையையும் மீறி ஒரு பிக்குவின் உடலை எரித்தார்கள். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளை வேறென்ன கேட்கும்?

அதனால்தான் போக வேண்டும் என்கிறேன். கட்சிக் கொடியோடு அல்ல, அளவுநாடாவும் கொப்பியும் கொண்டு. செங்கல்லின் நீளம் அகலம் என்ன, கல்லில் உளி பட்ட தடம் எங்கே, குளத்துக்கும் மலைக்கும் என்ன உறவு என்று அவர்களே பார்த்து எழுதட்டும். பௌத்தத்தோடு தமிழருக்கும் பழைய தொடர்பு உண்டு என்பதையும் அவர்கள் அறிய வேண்டும்: வவுனியா மாவட்டத்தின் பெரிய புளியங்குளத்தில் விசாகன் என்ற தமிழ் வணிகன் பெயர் சொல்லும் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. பௌத்த துறவிகளின் குகையில் வெட்டியது. மணிமேகலையைத் தந்த மொழி எங்களுடையது. பௌத்தம் என்றாலே பிறத்தியாருடையது என்று எங்கள் பிள்ளைகளும், பழைய செங்கல் என்றாலே தங்களுடையது மட்டும் என்று தெற்கின் பிள்ளைகளும் வளர்வது இரண்டு பக்கத்துக்கும் கேடு.

தொல்லிடமும் வழிபாடும் ஒரே இடத்தில் இருக்கலாம் என்பதற்கு வெளியே ஓர் உதாரணம் உண்டு: குவாத்தமாலாவின் பழைய மாயா நகரான திக்கால் 1979 முதல் உலக மரபுரிமைத் தலம். உலகமெங்கும் இருந்து வருவோர் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அதே முற்றத்தில் மாயா மக்கள் இன்றும் நெருப்பு வளர்த்து வழிபடுகிறார்கள். நீண்ட உள்நாட்டுப் போரின் கடைசிக் காலத்தில், 1995இல் செய்த உடன்படிக்கை அவர்களின் புனித இடங்கள் மீதான உரிமையை ஏற்றுக்கொண்டது. தொல்லிடம் என்பதற்காக அங்கே வழிபாட்டை வெளியே தள்ளவில்லை. இங்கே குருந்தூர்மலைக்குப் பொங்கல் பானையோடு போனவர்கள் மறிக்கப்பட்டதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

ஆயத்தங்கள் பெரிதாக இல்லை. மாரியில் அந்த வழி சேறு. அதனால் இரண்டாம் தவணையில், வெயில் ஏறமுன் போய்விட வேண்டும். யானை நடமாடும் காடு, பாதையை விட்டு விலகக் கூடாது. தண்ணீரும் சாப்பாடும் கையோடு. வலயக் கல்வி அலுவலகத்துக்கும் தொல்லியல் திணைக்களத்துக்கும் முன்கூட்டியே கடிதம். அங்கே வணங்குவோர் எவரானாலும் அவர்களுக்குரிய மரியாதை. 1984இல் தண்ணிமுறிப்பிலிருந்து விரட்டப்பட்ட குடும்பத்துப் பெரியவர் ஒருவரையும் அழைத்துப் போக விரும்புகிறேன். தன் வயல் எதுவரை இருந்தது என்று அவர் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். அதுவும் அந்த மலையின் வரலாறுதான்.

திணைக்களத்திடம் கேட்பது இது: அகழ்வில் எந்த ஆழத்தில் எது கிடைத்தது என்ற முழு அறிக்கையைத் தமிழிலும் வெளியிடுங்கள். மாணவர் வரும் நாளில் தமிழில் விளக்கக்கூடிய ஓர் உத்தியோகத்தரை அனுப்புங்கள். பிள்ளைகள் கேள்விகளை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டார்கள்.