பெயரை வைத்து ஊர் கேட்பதா?

போன வாரம் பேரன் பள்ளியிலிருந்து வாடிய முகத்தோடு வந்தான். வகுப்பில் அவனுக்கு உயிர்த் தோழன் ஒரு மரைக்காயர் வீட்டுப் பையன். அவனிடம் யாரோ, "நீங்கல்லாம் வெளியிலேருந்து வந்தவங்கதானே, பேரே சொல்லுதே" என்றார்களாம். "நெசமா தாத்தா?" என்று கேட்டான்.

'மரைக்காயர்' என்பது மரக்கலத்திலிருந்து வந்தது என்பார் சிலர். அரபியில் கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்பார் வேறு சிலர். எப்படிப் பார்த்தாலும் கப்பல்தான். அது தொழிலைச் சொல்லும் பெயர்.

நமக்கு வடக்கே பூம்புகாரில் யவனர் வாழ்ந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. 'யவனர்' என்ற சொல்லின் வேர் அயோனியா. இன்றைய துருக்கியின் மேற்குக் கரை. அதை ஒட்டியிருந்த நாடு லிடியா. லிடியரை ஹோமர் அழைத்தது 'மையோனியர்' என்று. லிடோஸ் என்ற அரசனால் பிறகு அந்தப் பெயர் வந்தது என்கிறார் ஹெரோடோட்டஸ். பெயர் மாறியது, மக்கள் அதே மண்ணில்தான் இருந்தார்கள்.

நம்மிடம் வந்த 'யவனர்' கிரேக்கரோடு நிற்கவில்லை. ரோமரையும் குறித்தது, பின்னர் அரபியரையும் குறித்தது. 'சோனகர்' என்பதும் அதன் திரிபே என்பார்கள் அறிஞர்கள். இலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம்களைக் குடிக்கணக்கில் 'இலங்கைச் சோனகர்' என்றே எழுதுகிறார்கள். அதனால் அவர்கள் கிரேக்கர் ஆகிவிடுவார்களா?

'பரங்கி'யும் இப்படித்தான். ஃபிராங்க் என்ற இனப்பெயர் அரபி, பாரசீகம் வழியாக வந்து ஐரோப்பியர் எல்லோருக்கும் ஆனது. பீரங்கிக்கும் ஆனது, பரங்கிக்காய்க்கும் ஆனது. சாம்பாரில் கிடக்கும் பரங்கிக்காயிடம் யாராவது பூர்வீகம் கேட்கிறோமா?

1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் இது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவரைச் 'சொல்தா' என்போம். துப்பாக்கியையே தொடாத அவர் பேரப்பிள்ளையும் 'சொல்தா வீட்டுப் பையன்'தான்.

என் கருத்து இதுதான்: பெரும்பாலும் பெயர் என்பது பிறர் ஒட்டிய சீட்டு. ஒட்டியவருக்கு அன்றைக்குக் கண்ணில் பட்டதை அது சொல்லும். ஒருவர் எந்த மண்ணுக்கு உரியவர் என்பதை அதைப் படித்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பெரியவர்கள் விளையாட்டாகப் பேசுவதைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வரை சுமந்துகொண்டு போகிறார்கள். நம் வயதுக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பேரனிடம், "அவன் பேருக்குக் கப்பல்னு அர்த்தம்டா" என்றேன். மறுநாள் இரண்டு பேரும் நோட்டில் கப்பல் படம் வரைந்துகொண்டிருந்தார்கள்.