எந்தக் குற்றத்துக்கு விக்கிப்பீடியாவில் இடம்?

சிட்லபாக்கத்தில் ராத்திரி ஒரு செயின் பறிப்பு நடந்தால், விடிவதற்குள் சிசிடிவி காட்சி ஏரியா வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்துவிடும். கொலை என்றால் கேட்கவே வேண்டாம். டிவியில் மூன்று நாள் அதே பேச்சுதான். அந்தச் சூட்டில் யாராவது விக்கிப்பீடியாவில் அதற்கொரு பக்கம் தொடங்குவார்கள். இன்னொருவர் ‘நீக்கலாம்’ என்பார். ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்த விவாதம் பொதுவாக 7 நாள் நடக்கும்.

எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

எவ்வளவு கொடூரம், எத்தனை ஷேர் என்பதெல்லாம் கணக்கில் வராது. செய்தி எத்தனை காலம் நீடித்தது, உள்ளூரைத் தாண்டியதா, பல ஊடகங்கள் ஆழமாக எழுதினவா, அதனால் ஏதாவது மாறியதா என்றுதான் பார்க்கிறார்கள்.

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2012 ஜூலை 25 அன்று தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். குற்ற வழக்கு பதிவானது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அதே ஆண்டு பள்ளிப் பேருந்துகளுக்கென்றே தமிழக அரசு சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தது. இன்றும் பள்ளி திறக்கும் முன் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்களே, அதற்குப் பின்னால் இந்த வழக்கும் இருக்கிறது. கலைக்களஞ்சியத்தில் இடம்பெற இந்த மாற்றமே போதும்.

அப்போதும் பக்கம் சம்பவத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும். இறந்தவரின் வாழ்க்கை வரலாறாக அல்ல. குற்றம் சாட்டப்பட்டவர் பெயரிலும் நிதானம் வேண்டும். கைதான அன்றே பெயர் ஏறிவிட்டால், விடுதலையான பிறகும் வேலைக்குப் போகிற இடத்தில் கூகுளில் முதலில் வருவது அதுதான்.

இந்த அளவுகோலில் ஒரு குறை உண்டு. பத்திரிகை எழுதினால்தான் சான்று. ஐடி ஊழியர் கொலைக்குக் கிடைக்கும் கவனம், கட்டட வேலைக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளியின் கொலைக்குக் கிடைப்பதில்லை. அதற்காக விக்கிப்பீடியா விதியைத் தளர்த்தினால் வதந்திக்கும் கதவு திறந்துவிடும். திருந்த வேண்டியது எங்களைப் போன்ற செய்தி நிறுவனங்கள்தான். மூன்றாம் நாளோடு கைவிடாமல், குற்றப்பத்திரிகை, சாட்சி விசாரணை, தீர்ப்பு வரை பின்தொடர வேண்டும்.

பக்கம் தொடங்க நினைக்கிறீர்களா? ஒரு வருஷம் பொறுங்கள். அப்போதும் அந்தக் குற்றத்தைப் பற்றிப் புதிதாக எழுத ஏதாவது இருந்தால், தாராளமாகத் தொடங்குங்கள்.