மருந்து கொட்டினால் மறைக்க வேண்டாம்



தேயிலைக்கு உதவாத செங்குத்தான மலைகளில் தோட்டங்கள் யூக்கலிப்டஸ் நடுகின்றன. தொழிற்சாலை அடுப்புக்கு விறகு அங்கிருந்துதான் வருகிறது. கன்றுகள் நிமிரும்வரை சுற்றிலும் புல்லுக்கு மருந்து அடிக்கிறார்கள். பல இடங்களில் அந்த மலைக்குக் கீழேதான் ஊற்று, ஊற்றுக்குக் கீழே பீலி, பீலிக்குக் கீழே லயம். மேலே கொட்டுவது மேலேயே நிற்பதில்லை.

ஒரு தோட்டத்தில் மருந்துக் கேனோடு விறகு மலை ஏறிய தொழிலாளி ஒருவர் வழுக்கி விழுந்தார். மூடி கழன்று மருந்து பாதையில் கொட்டியது. பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காணுக்குள் கழுவிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அவருடைய மகள் வகுப்பில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அப்பாவுக்குக் கையெல்லாம் எரியுது டீச்சர். தொரைக்கிட்ட சொல்லிடாதீங்க."

மாலையில் அவரைப் பார்த்தேன். "மருந்துக் காச சம்பளத்துல புடிச்சிட்டா என்னா செய்றது?" என்றார். தோட்டக் கமிட்டித் தலைவரோடு போய் விஷயத்தைச் சொன்னோம். ஆனால் அதற்குள் ஓர் இரவும் பகலும் லயத்துப் பிள்ளைகள் அந்தப் பீலித் தண்ணீரைத்தான் குடித்திருந்தார்கள்.

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கொட்டினால் என்ன செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொன்னால் தண்டனை என்பது மட்டும் தெரிந்திருந்தது.

ஆகவே செய்ய வேண்டியதை இங்கே எழுதுகிறோம். வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் பிள்ளைகளையும் மற்றவர்களையும் தூரப் போகச் சொல்லுங்கள். பீடி, நெருப்பு வேண்டாம். கையுறையும் பூட்ஸும் போட்ட பிறகே கிட்டப் போங்கள். கேனை நிமிர்த்துங்கள். ஓட்டையென்றால் பெரிய வாளிக்குள் வையுங்கள். மருந்து காணை எட்டுவதற்குள் கீழ்ப்பக்கம் மண்ணால் வரப்புக் கட்டுங்கள். மேலே காய்ந்த மண்ணோ மரத்தூளோ போட்டு ஊறவிட்டு, நனைந்த தரை மண்ணையும் சேர்த்து அள்ளி, மூடியுள்ள பீப்பாயில் போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது. கழுவினால் மருந்து போய்ச் சேருவது பீலிக்குத்தான். உடனே ஓர் ஆளை லயத்துக்கு அனுப்பித் தண்ணீர் எடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

உடம்பில் பட்டால் உடுப்பைக் கழற்றிவிட்டு, சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். வாய்க்குள் போனால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 1990 அம்புலன்ஸை அழையுங்கள். மருந்தின் பெயருள்ள லேபலை வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். வெறுங் கேனில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ பிடிக்கும் பழக்கத்தையும் விடுங்கள்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பது மூன்று. மருந்து கலக்கும் இடம் ஊற்றுக்கும் காணுக்கும் தள்ளி இருக்க வேண்டும். அங்கே மண், மரத்தூள், மண்வெட்டி, மூடியுள்ள பீப்பாய், கையுறை, சவர்க்காரம், நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். அவை இல்லாமல் கேன் மலை ஏறக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம்: கொட்டியதைச் சொன்னவரின் சம்பளத்தில் ஒரு சதமும் பிடிக்க மாட்டோம் என்று எழுத்தில் தர வேண்டும். தோட்டக் கமிட்டிகள் அடுத்த முறை துரையைச் சந்திக்கும்போது இதைப் பேசுங்கள்.

மறைப்பதால் நமக்கும் நட்டம். வேலையில் ஏற்பட்ட பாதிப்புக்குச் சட்டப்படி நட்டஈடு கேட்கலாம். சம்பவம் எங்கும் பதிவாகாவிட்டால் எதைக் காட்டிக் கேட்பது?

கொட்டுவது யாருக்கும் நடக்கும். சொல்லுங்கள். சொன்னவர் பக்கம் சங்கம் நிற்கும்.