திறக்கும் கலைக்கூடம், திறக்காத ஒப்பந்தம்
நமது சிறப்பு நிருபர்

புதுதில்லி: புதுப்பிக்கப்பட்ட கலைக்கூடம் ஒன்று திறக்கப்படும் நாளில் எல்லாருக்கும் இடமுண்டு. அமைச்சர் ரிப்பன் வெட்டுவார். டொள்ளு குனிதாவோ பறையாட்டமோ நடக்கும். சுற்றுவட்டாரப் பள்ளிக் குழந்தைகள் தரையில் அமர்ந்து வண்ணம் தீட்டுவார்கள். அவர்களின் படங்கள் மறுநாள் நாளிதழ்களில் வெளிவரும். விழா முடிந்த அடுத்த வாரம் அந்தக் கட்டடத்துக்குள் யாருக்கு இடமுண்டு என்பதை இவர்கள் எவரும் தீர்மானிப்பதில்லை. அது, பல மாதங்களுக்கு முன்பே அரசுத் துறை ஒன்று கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் தீர்மானிக்கப்பட்டு விடுகிறது.

தலைநகரில் இப்போது இக்கேள்வி பெரிய அளவில் எழுந்து நிற்கிறது. 1960 டிசம்பரில் குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் பதிலாக, ரெய்சினா குன்றின் வடக்கு, தெற்குத் தலைமைச் செயலகக் கட்டடங்களில் "யுகே யுகீன் பாரத்' என்ற பெயரில் புதிய தேசிய அருங்காட்சியகம் அமையும் என்று மத்திய அரசு 2023-ல் அறிவித்தது. இதற்குத் தொழில்நுட்ப உதவி பெறுவதற்காகப் பிரெஞ்சு நிறுவனத்துடன் 2024 டிசம்பரில் ஒப்பந்தமும் கையெழுத்தானது. பரப்பளவு எவ்வளவு, அறைகள் எத்தனை என்பதெல்லாம் விரிவாகப் பேசப்படுகின்றன. கட்டணம், நிர்வாகக் குழு, ஆய்வாளர்களுக்கான அனுமதி ஆகியவை குறித்த பேச்சு மிகக் குறைவு.

இந்த இடத்தில் பெங்களூருவின் அனுபவம் தில்லிக்குப் பயன்படும். ஒரே நகரில் மூன்று ஆண்டு இடைவெளியில் பொதுச் சொத்து தொடர்பாக நடந்த இரண்டு போராட்டங்களில் ஒன்று வென்றது, மற்றொன்று தோற்றது.

வெங்கடப்பா விட்டுச் சென்றது: பெங்களூரு கஸ்தூர்பா சாலையில், கப்பன் பூங்காவின் ஓரத்தில், அரசு அருங்காட்சியகத்தை ஒட்டி நிற்கிறது வெங்கடப்பா கலைக்கூடம். மைசூர் அரசவை ஓவியர் மரபில் 1886-ல் பிறந்த கே.வெங்கடப்பா, கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். உதகமண்டலத்தின் பனியையும் கொடைக்கானலின் ஏரியையும் நீர்வண்ணத்தில் அவர் பிடித்து வைத்த விதம் தமிழக வாசகர்கள் ஒருமுறையேனும் நேரில் காண வேண்டியது. வீணை வாசிப்பிலும் தேர்ந்தவர். இல்லற வாழ்வை நாடாதவர். மைசூர் அரண்மனைக்காகச் செய்த பணி தொடர்பான ஒப்பந்தத் தகராறில் நீதிமன்றம் வரை சென்றவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. ஒப்பந்த வாசகங்களின் மதிப்பை அறிந்த கலைஞரின் பெயரைத் தாங்கிய கட்டடமே பின்னாளில் ஓர் ஒப்பந்தத்தால் சர்ச்சைக்குள்ளானது.

1965-ல் அவர் மறைந்தபின், அவரது படைப்புகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்று கலைஞர்கள் குரல் எழுப்பினர். அதன் பயனாக எழுந்த கலைக்கூடம் 1975-ல் திறக்கப்பட்டது. வெங்கடப்பாவின் ஓவியங்களோடு கே.கே.ஹெப்பாரின் படைப்புகளும் இங்கு இடம்பெற்றன. ஆனால் இக்கட்டடத்தின் உண்மையான வாழ்வு வாடகைக்கு விடப்பட்ட அதன் கண்காட்சி அரங்குகளில்தான் இருந்தது எனலாம். தனியார் காட்சிக்கூடங்கள் ஏறிட்டும் பார்க்காத மாவட்டக் கலைஞர்களும், கலைக் கல்லூரியை அப்போதுதான் முடித்த மாணவர்களும் மிகக் குறைந்த வாடகையில் தங்கள் முதல் கண்காட்சியை இங்கு நடத்தினர். ஒழுகும் கூரை, மங்கிய விளக்கு, அரசு அலுவலக நேரம் என்று குறைகள் ஏராளம். ஆயினும், தன் சட்டகங்களைத் தானே சுமந்து வந்து மாட்டும் இளைஞரை எவரும் தகுதிச் சான்று கேட்டுத் தடுக்கவில்லை.

2015-ல் கர்நாடக அரசின் சுற்றுலாத் துறை, சுற்றுலாத் தலங்களைத் தனியார் "தத்தெடுக்கும்' திட்டத்தின் கீழ் இக்கலைக்கூடத்தைத் தஸ்வீர் அறக்கட்டளையிடம் அளிக்க உடன்பாடு செய்தது. அறக்கட்டளையின் பின்னணியில் இருந்த அபிஷேக் போத்தார் நாடறிந்த கலைப்பொருள் சேகரிப்பாளர். புகைப்படம், ஓவியம் ஆகியவற்றில் அவரது சேகரிப்பின் தரம் குறித்து எதிர்ப்பாளர்களுக்கும் ஐயம் இருக்கவில்லை. உடன்பாடு கலைஞர்களிடம் கலந்து பேசாமல் செய்யப்பட்டது என்பதே சிக்கலின் தொடக்கம்.

2016-ல் போராட்டம் வலுத்தது. கலைஞர்கள் கலைக்கூட வளாகத்திலேயே கூடி ஓவியம் வரைந்தனர், பாடினர், நிகழ்த்துகலைகளை நடத்தினர். உடன்பாட்டின் வாசகம் என்ன, வாடகை அரங்குகள் நீடிக்குமா, கண்காட்சிகளைத் தேர்வு செய்யும் அதிகாரம் யாரிடம் செல்லும் என்பவையே அவர்களின் கேள்விகள். "கலைஞர்கள் மாற்றத்தை எதிர்க்கிறார்கள்' என்று சில தரப்பினர் கூறியது பொருத்தமற்றது. கூரையைச் சீர்செய்ய வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. இறுதியில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அதன்பின் நடந்தது கவனிக்கத்தக்கது. போத்தாரின் சேகரிப்பு அதே கஸ்தூர்பா சாலையில், வேறு கட்டடத்தில், கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகமாக 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. நகருக்கு அது நல்ல வரவு. வெங்கடப்பா கலைக்கூடத்தின் புதுப்பிப்புக்குப் பிரிகேட் அறக்கட்டளை பின்னர் முன்வந்தது. தனியார் பணம் பொதுக் கலைக்கூடத்துக்குள் வருவதில் தவறில்லை. பணத்தோடு சாவியும் கைமாறுகிறதா என்பதுதான் பார்க்கப்பட வேண்டும் என்று பெங்களூரு கலைஞர்கள் அன்று எழுப்பிய வாதம் இன்றும் பொருந்துகிறது.

ஈஜிபுரா கற்பித்தது: கஸ்தூர்பா சாலையிலிருந்து தென்கிழக்கே சில கிலோமீட்டரில், கோரமங்களாவை ஒட்டியுள்ளது ஈஜிபுரா. பொருளாதாரத்தில் நலிவுற்றோருக்காக அரசு இங்கு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் 1,512 வீடுகள் இருந்தன. தரமற்ற கட்டுமானத்தால் சில பகுதிகள் இடிந்து விழுந்தன. வீடிழந்தவர்கள் அதே நிலத்தில் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்தனர். இவர்களில் தலித் மக்களும் சிறுபான்மையினரும் தமிழ் பேசுவோரும் கணிசமாக இருந்தனர். துப்புரவுப் பணி, வீட்டு வேலை, கட்டட வேலை என்று கோரமங்களாவின் அன்றாட வாழ்வே இவர்களின் உழைப்பில் நடந்தது.

சுமார் 15 ஏக்கர் கொண்ட அந்த நிலத்தின் மறுமேம்பாட்டுக்கு மாநகராட்சி, மேவரிக் ஹோல்டிங்ஸ் என்ற தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. நிலத்தின் ஒரு பகுதியில் ஏழைகளுக்கு வீடுகள். மற்றொரு பகுதியில் வணிக வளாகம் என்பது திட்டம். 2013 ஜனவரியில், நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் பாதுகாப்புடன் கொட்டகைகள் இடித்துத் தள்ளப்பட்டன. சுமார் 1,500 குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. பல குடும்பங்கள் அங்கேயே நடைபாதையில் வாரக்கணக்கில் தங்கின. காலி செய்யப்பட்ட நிலமோ ஆண்டுக்கணக்கில் வெறும் நிலமாகவே கிடந்தது.

இதில் அரசுத் தரப்பு எடுத்த நிலையே நமது விவாதத்துக்கு முக்கியமானது. தொடக்கத்தில் ஒதுக்கீடு பெற்றவர்களுக்கே புதிய வீடு என்றது மாநகராட்சி. பத்து, பதினைந்து ஆண்டுகளாக அங்கு வாடகைக்கு வாழ்ந்தவர்கள் கணக்கில் வரவில்லை. காகிதத்தில் பெயர் உள்ளவரே உரிமையாளர், புழங்கியவருக்கு உரிமையில்லை. வெங்கடப்பா கலைக்கூடத்தில் கண்காட்சி நடத்திய கலைஞர்களின் பெயரும் எந்தக் காகிதத்திலும் இருந்ததில்லை. ஆனால், அவர்களால் பத்திரிகையாளரை அழைக்க முடிந்தது. ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் அறிக்கை எழுத முடிந்தது. வீட்டை இழந்து பெட்டி படுக்கையோடு நின்ற ஈஜிபுரா மக்களுக்காகவும் பல செயற்பாட்டாளர்கள் குரல் கொடுத்தனர், கைதும் ஆயினர். எனினும், புல்டோசர் வருமுன் ஒப்பந்தம் பொது விவாதத்துக்கு வந்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கலாம். கலைக்கூடத்தில் விவாதம் இடிப்புக்கு முன் நடந்தது. ஈஜிபுராவில் இடிப்புக்குப் பின் நடந்தது.

மும்பையும் ஆம்ஸ்டர்டாமும்: கூட்டு முயற்சி என்றாலே கேடு என்று கூறிவிடவும் முடியாது. மும்பை பைகுலாவில் 1872-ல் திறக்கப்பட்ட பழைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், இப்போதைய டாக்டர் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகம், பாழடைந்து கிடந்தது. 2003-ல் மாநகராட்சி, ஜம்னாலால் பஜாஜ் அறக்கட்டளை, இன்டாக் ஆகிய மூன்றும் முத்தரப்பு உடன்பாடு செய்துகொண்டன. சீரமைப்புப் பணி 2005-ல் யுனெஸ்கோ விருது பெற்றது. 2008 ஜனவரியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கட்டடம் மாநகராட்சியின் உடைமையாகவே நீடித்தது. பின்னர், விரிவாக்கத் திட்டம் குறித்து மாநகராட்சி உறுப்பினர்கள் சண்டையிட்டதும் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் சண்டையிட உரிமை இருந்தது என்பதே அந்த உடன்பாட்டின் பலம்.

நெதர்லாந்து தலைநகர் ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2003-ல் மூடப்பட்டு, பத்து ஆண்டுகளுக்குப் பின் 2013 ஏப்ரல் 13-ல் அரசி பெயாட்ரிக்ஸால் திறக்கப்பட்டது. செலவு சுமார் 37.5 கோடி யூரோ. கட்டடத்தின் நடுவே ஊர்மக்கள் சைக்கிளில் கடந்து செல்லும் வழி ஒன்று உண்டு. அதைச் சுருக்கி நுழைவாயில் அமைக்கக் கட்டடக் கலைஞர்கள் விரும்பினர். சைக்கிள் ஓட்டுவோர் சங்கம் பல ஆண்டுகள் போராடியது, வரைபடம் மாற்றப்பட்டது, வழி நீடித்தது. ரெம்பிராண்டின் ஓவியத்துக்கு இணையாக ஒரு சைக்கிள் பாதை விவாதிக்கப்பட்டதை அங்கே எவரும் கேலிக்குரியதாகக் கருதவில்லை.

நம் நாட்டில் மத்திய அரசின் பாரம்பரியச் சின்னங்களைத் தத்தெடுக்கும் திட்டம் 2017 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. 2018-ல் செங்கோட்டையின் பராமரிப்பு வசதிகளை ஐந்தாண்டுகளுக்கு 25 கோடி ரூபாயில் டால்மியா பாரத் நிறுவனம் ஏற்றபோதுதான் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று எதிர்க்கட்சிகள் கேட்கத் தொடங்கின. அரசு விளக்கம் அளித்தது, கையெழுத்தான பிறகு.

எழும்பூரின் நிலை: தமிழக வாசகர்கள் பெங்களூருவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஹென்றி இர்வின் வடிவமைத்து நம்பெருமாள் செட்டியார் கட்டிய சென்னை எழும்பூர் விக்டோரியா நினைவு மண்டபம் 1909-ல் திறக்கப்பட்டது. 1951-ல் தேசியக் கலைக்கூடம் ஆயிற்று. ரவிவர்மாவின் ஓவியங்கள் இருந்த அக்கூடம், கட்டடம் பலவீனமானதால் 2002-ல் மூடப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதன் கதவு பொதுமக்களுக்குத் திறக்கவில்லை. தனியாருக்குத் தாரை வார்க்கப்படவில்லை, தத்தும் கொடுக்கப்படவில்லை, யாரும் சாலைக்கு வந்து போராடவும் இல்லை. முழுக்க முழுக்க அரசின் கையிலேயே இருந்தது. ஒரு தலைமுறை மாணவர்கள் சிவப்புக் கல் முகப்பை வெளியிலிருந்து பார்த்தே வளர்ந்தனர்.

பொதுக் கலைக்கூடம் ஒன்று புதுப்பிப்புக்காக மூடப்படும்போதே சில விவரங்கள் வாயிலில் எழுதி வைக்கப்பட வேண்டும். பணம் தருபவர் யார். அதற்கு ஈடாக அவர் பெறுவது என்ன. உள்ளூர்க் கலைஞருக்கு அரங்க வாடகை முன்பு எவ்வளவு, இனி எவ்வளவு. நிர்வாகக் குழுவில் கலைஞர் எத்தனை பேர். திறக்கும் தேதி தவறினால் பதில் சொல்லும் அதிகாரி யார்? தேசிய அருங்காட்சியகத்தைப் பொருத்தவரை இக்கேள்விகளை எழுப்ப வேண்டிய இடம் நாடாளுமன்றம். லட்சக்கணக்கான பொருள்கள் ஜன்பத்திலிருந்து ரெய்சினா குன்றுக்கு ஏற வேண்டியிருப்பதால், கேட்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது.