பெயரைச் சொல்வது கணிப்பாகுமா?

இத்தாலியின் ஜிரோ, பிரான்சின் டூர், ஸ்பெயினின் வுவெல்டா என்னும் மூன்று பெரிய சைக்கிள் பந்தயங்களில் எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும், முதலில் எழுகிற கேள்வி, "இந்த வருஷம் யார் ஜெயிப்பார்?" என்பதுதான். கேட்பவர் ஒரு பெயரை எதிர்பார்க்கிறார். பதில் சொல்பவரும் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுத் திருப்தியடைகிறார். மூன்று வாரம் கழித்து அந்தப் பெயர் பலித்துவிட்டால் அவர் தீர்க்கதரிசி என்றும், பலிக்காவிட்டால் ஒன்றும் அறியாதவர் என்றும் தீர்ப்பு வழங்கப்படுகிறது. இந்த வழக்கம் பந்தயத்துக்கும் நியாயம் செய்வதில்லை, பார்க்கிறவருடைய புத்திக்கும் வேலை கொடுப்பதில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். வெற்றி எந்த இடத்தில், எந்தக் காரணத்தினால், எவ்விதமான சந்தர்ப்பத்தில் கைமாறக்கூடும் என்று முன்கூட்டியே எடுத்துரைப்பதுதான் கணிப்பு. காரணம் சொல்லாத பெயர், பலித்தாலும் கணிப்பு ஆகாது.

இந்தப் பந்தயங்களின் அமைப்பே அப்படிப்பட்டது. டூர் பந்தயத்தில் 21 நாள் ஓட்டம், இடையே இரண்டு நாள் ஓய்வு, கடக்க வேண்டிய தூரம் ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். அந்தந்தக் கட்டத்துக்கு ஒரு வெற்றியாளர் உண்டென்றாலும், எல்லாக் கட்டங்களுக்கும் ஆன நேரத்தைக் கூட்டிப் பார்த்து யாருடைய மொத்தம் குறைவோ அவருக்கே மஞ்சள் சட்டையும் பந்தயமும் சொந்தமாகின்றன. ஆகையால் ஒரு கட்டத்தில்கூட முதலாவதாக வராமல் பந்தயம் முழுவதையும் வெல்வது சாத்தியம். 1956-ல் ரோஜர் வால்கோவியாக்கும், 2019-ல் எகான் பெர்னாலும் அப்படித்தான் வென்றார்கள். எட்டுப் பேர் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் பெரும்பாலோர் தமக்காக ஓட்டுவதே இல்லை; தலைவனுக்கு முன்னால் சென்று காற்றை வாங்கிக்கொள்வதும், பின்னால் வரும் காரிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்து வருவதும், தலைவனுடைய சக்கரம் பழுதானால் தம்முடைய சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பதும் அவர்களுடைய கடமைகள். ஒருவருடைய கால்வலுவை மட்டும் எடை போட்டு இத்தகைய பந்தயத்தின் முடிவைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பது, நோயாளியின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நாடி பிடிக்காமலே மருந்து கொடுக்கும் வைத்தியருடைய காரியத்தைப் போன்றது.

காற்றையே எடுத்துக்கொள்வோம். முன்னால் ஒருவர் போக, அவருக்குப் பின்னால் ஒட்டினாற்போல் செல்பவருக்குச் சிரமம் வெகுவாகக் குறைகிறது என்பது இந்த விளையாட்டின் மூலாதாரமான உண்மை. ஆனால் காற்று பக்கவாட்டிலிருந்து வீசத் தொடங்கிவிட்டால் நேர் பின்னால் இருப்பவருக்கு மறைவு கிடைப்பதில்லை; முன்னால் செல்பவர்கள் சாலையின் குறுக்கே சாய்வரிசையாக விரிந்துகொள்கிறார்கள்; சாலையின் அகலத்துக்குள் எத்தனை பேர் அடங்குவார்களோ அத்தனை பேருக்குத்தான் அந்த வரிசையில் இடம்; மிஞ்சியவர்கள் சாலையோரத்தில் காற்றோடு தனியாக மல்லாடி, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஒரு முழம் இடைவெளி விழுந்த மாத்திரத்தில் பின்தங்கிவிடுகிறார்கள். 2020-ம் வருஷத்து டூரில், லாவோர் நகரத்தை நோக்கிச் சென்ற ஏழாவது கட்டத்தில், மலை என்று சொல்லத்தக்க எதுவும் முடிவைத் தீர்மானிக்காத ஒரு நாளில், ஸ்லோவேனிய வாலிபர் தாடேய் பொகாச்சார் இவ்விதம் அகப்பட்டுக்கொண்டு 1 நிமிஷம் 21 வினாடியை இழந்தார். அன்று காலையில் ஓட்டக்காரர்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு அந்த ஆபத்து தெரிந்திருக்க நியாயமில்லை. சாலை எந்தத் திசையில் திரும்புகிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்தவருக்குத் தெரிந்திருக்கும்.

அதே பொகாச்சார் அதே பந்தயத்தை வென்றார் என்பதும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்க விஷயம். கடைசிக்கு முந்தின நாளன்று தம் நாட்டவரான பிரிமோஷ் ரோக்லிச்சைவிட அவர் 57 வினாடி பின்தங்கியிருந்தார். அன்று ஓட்ட வேண்டியிருந்தது ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் 36.2 கிலோமீட்டர், அதன் இறுதிப் பகுதி லா பிளான்ஷ் தே பெல் ஃபீய் என்னும் செங்குத்தான மலை. மூன்று வாரமாக ரோக்லிச்சைச் சுற்றி அரணாக நின்ற அவருடைய பலம் வாய்ந்த குழு, அன்று அந்தச் சாலையில் அவருக்கு யாதொரு உபகாரமும் செய்ய முடியாது. ரோக்லிச் மலையேறும்போது அவருடைய தலைக்கவசம் நெற்றியை விட்டு மேலேறிக் கோணலாக நின்றது. பொகாச்சாரோ ஏற ஏற வேகம் கூடுவதுபோல் ஏறினார். அந்த ஒரே நாளில் சுமார் இரண்டு நிமிஷத்தை மீட்டு, மொத்தத்தில் 59 வினாடி வித்தியாசத்தில், தம் இருபத்திரண்டாவது பிறந்த நாளுக்கு முந்தின தினத்தன்று பாரிஸ் நகரில் மஞ்சள் சட்டையோடு நின்றார். ரோக்லிச்சின் அனுகூலம் எது, அது எந்த நாளில் செல்லாக்காசாகும் என்று கேட்டிருந்தவருக்கு, அந்த நாள் பந்தய அட்டவணையிலேயே அச்சாகியிருந்தது.

1989-ம் வருஷத்து டூரில் நடந்ததும் இதே தன்மையுடையது. வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் தனி ஓட்டம் ஒன்றே பாக்கி. பிரெஞ்சுக்காரர் லோரான் ஃபின்யோன் 50 வினாடி முன்னிலையில் இருந்தார். அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டு வினாடிக்கு மேல் மிச்சப்படுத்தினால்தான் வெற்றி என்பதால் அது அசாத்தியமாகத் தோன்றிற்று. ஆனால் முழங்கைகளை ஊன்றி உடலைக் குறுக்கிக்கொள்ள உதவும் புதுமாதிரியான கைப்பிடியை லெமாண்ட் அதே பந்தயத்தில், ரென் நகரில் முடிந்த தனி ஓட்டத்திலேயே உபயோகித்து வென்று காட்டியிருந்தார்; ஃபின்யோனோ வழக்கமான முறையில், தலைக்கவசமும் இல்லாமல், பின்னால் கட்டிய கூந்தல் காற்றில் ஆட ஓட்டினார். 8 வினாடி வித்தியாசத்தில் பந்தயம் கைமாறியது. டூரின் சரித்திரத்தில் அதைவிடக் குறுகிய வித்தியாசம் இதுவரை இல்லை. உலகம் அதை அற்புதம் என்று கொண்டாடியது. அற்புதத்துக்கான காரணம் இரண்டு வாரத்துக்கும் மேலாக எல்லோர் கண்முன்னும் இருந்தது.

என் கட்சிக்கு மிகச் சிறந்த சாட்சியாக நான் கருதுவது கோலே தெல்லே ஃபினெஸ்ட்ரே என்னும் இத்தாலியக் கணவாயைத்தான். ஆல்ப்ஸ் மலையில் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்கு ஏறும் இந்தச் சாலை, பிற்பாதியில் தார் இல்லாமல் வெறும் சரளையாகிவிடுகிறது. மண்ணில் சக்கரம் பதிவதால் ஒருவர் மறைவில் மற்றொருவர் செல்வதன் பலன் குறைந்து, குழுக்கள் சிதறி, ஒவ்வொருவரும் தம்தம் சக்திக்கே விடப்படுகிறார்கள். 2018-ம் வருஷத்து ஜிரோவில், மூன்று கட்டங்களை வென்று பல நாட்களாக முதலிடத்துக்குரிய இளஞ்சிவப்புச் சட்டையை அணிந்திருந்த ஆங்கிலேயர் சைமன் யேட்ஸ், பத்தொன்பதாவது கட்டத்தில் இந்த மலையில் நிலைகுலைந்து, அரை மணிக்கும் அதிகமான நேரத்தைப் பறிகொடுத்தார். கிறிஸ் ஃப்ரூம் முடிவுக்கு 80 கிலோமீட்டர் முன்பே தனியாகப் பிரிந்து சென்று பந்தயத்தையே கைப்பற்றினார். ஏழு வருஷம் கழித்து, 2025-ல், கடைசிக்கு முந்தின நாளில் ஜிரோ அதே மலைக்கு வந்தது. முதலிடத்தில் மெக்ஸிகோ நாட்டு இளைஞர் ஐசக் டெல் டோரோ. அவருக்கு 43 வினாடி பின்னால் ஈக்வடார் நாட்டவரான ரிச்சர்ட் கரபாஸ். 1 நிமிஷம் 21 வினாடி பின்னால், மூன்றாவது இடத்தில், யேட்ஸ். முதல் இருவரும் ஒருவரையொருவர் விழுங்குவதுபோல் கவனித்துக்கொண்டிருக்க, யேட்ஸ் அந்தச் சாலையிலேயே தனித்துப் புறப்பட்டார். தொடக்கத்திலேயே முன்னோடிகளுடன் பிரிந்து சென்றிருந்த, அவருடைய குழுவைச் சேர்ந்த வவுட் வான் ஆர்ட், மலைக்கு அப்பால் பள்ளத்தாக்கில் அவருக்காகக் காத்திருந்து, செஸ்திரியேரே ஏற்றத்தின் அடிவாரம் வரையில் காற்றைத் தாம் வாங்கி அவரை இழுத்துச் சென்றார். டெல் டோரோவும் கரபாஸும், தாம் உழைத்தால் மற்றவர் அனுபவிப்பாரே என்ற சந்தேகத்தில், துரத்த வேண்டிய நேரத்தில் துரத்தாமல் விட்டார்கள். முடிவில் யேட்ஸ் ஏறக்குறைய நான்கு நிமிஷ வித்தியாசத்தில் பந்தயத்தை வென்றார்.

அன்று காலையில் "யேட்ஸ்தான் ஜெயிப்பார்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவரைப் பாராட்டலாம். ஆனால், "முதல் இருவருக்கும் இடையே உள்ள போட்டியே மூன்றாமவருக்கு அனுகூலமாக முடியும்; சரளைச் சாலை அதற்கு ஏற்ற இடம்; மலைக்கு அப்பால் யாருடைய துணைவர் நிற்கிறார் என்று பாருங்கள்" என்று சொல்லியிருப்பவர், ஒருவேளை யேட்ஸ் தோற்றுப்போயிருந்தாலும், முன்னவரைவிட உயர்ந்த கணிப்பாளரே. பின்னவருடைய வார்த்தை நம்மை எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே பார்க்க வைக்கிறது. முன்னவருடைய வார்த்தையில் நாம் கற்றுக்கொள்வதற்கு எதுவும் இல்லை.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. 2024-ல் பொகாச்சார் ஜிரோவையும் டூரையும் ஒரே வருஷத்தில் வென்று, 2025-ல் நான்காவது முறையாக டூரையும் வென்றுவிட்ட பிறகு, மிகவும் பலசாலியின் பெயரைச் சொன்னால் போதாதா என்று கேட்பார்கள். மொத்தப் பந்தயத்தைப் பொறுத்தவரையில் அது பல வருஷங்களில் சரியாகவே இருக்கும். ஆனால் 2022-ல், அதே பொகாச்சார் மஞ்சள் சட்டையோடு இருந்தபோது, கலிபியே மலையில் ரோக்லிச்சும் யோனாஸ் விங்கெகோரும் மாறி மாறித் தாக்க, ஒவ்வொரு தாக்குதலுக்கும் தாமே பதில் சொல்லிக் களைத்துப்போன அவர், அன்றைய கடைசி ஏற்றமாகிய கிரானோனில் சுமார் மூன்று நிமிஷத்தை இழந்தார். மிதிக்கும் திறனை வாட் கணக்கில் அளக்கும் கருவிகள் சைக்கிள்களில் இருந்த காலத்தில்தான் இது நடந்தது. தனி மனிதருடைய சக்தியைக் கருவி அளந்துவிடும். இருவர் சேர்ந்து ஒருவரை வீழ்த்தத் தீர்மானிப்பதை அது அளப்பதில்லை.

எந்தக் கணிப்புக்கும் அகப்படாதவை உண்டு என்பதையும் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்ள வேண்டும். 1971-ல் எடி மெர்க்ஸைத் திணறடித்து மஞ்சள் சட்டையைப் பெற்றிருந்த லூயிஸ் ஒக்கான்யாவுக்கு, பெருமழையில் மான்தே கணவாயின் இறக்கத்தில் விழுந்து பந்தயத்தை விட்டே போக நேர்ந்தது. 2019-ம் வருஷத்து டூரில் ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் தின் நகரை நோக்கிய சாலையை அடைத்துவிட, ஓட்டத்தைப் பாதியிலேயே நிறுத்தி, இசெரான் மலையுச்சியில் எடுத்த நேரத்தையே முடிவாகக் கொண்டார்கள். அன்று காலையில் வெற்றி வாய்ப்போடு புறப்பட்ட திபோ பினோ, தொடையில் தசை கிழிந்து, கண்ணீரோடு காரில் ஏறிக்கொண்டார். இவற்றைவிட வருந்தத்தக்கது, ஊக்க மருந்தினால் முடிவே பொய்யாகிப்போவது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் வெற்றிகளும் 2012-ல் ரத்தாயின. அந்த ஏழு வருஷங்களிலும் அவர் பெயரைச் சரியாகச் சொன்னவர்கள் எதைச் சரியாகச் சொன்னார்கள்? பலித்தது என்பது மட்டும் அறிவுக்கு அத்தாட்சி ஆகாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பணயம் வைப்பவர்களுடைய பெருக்கத்தை நான் அஞ்சுவதும் இதனால்தான். பணயத்துக்குத் தேவை ஒரு பெயரும் ஒரு தொகையும் மட்டுமே. காரணம் அங்கே வீண் சுமை. அந்த மனோபாவம் ரசிகர்களைப் பற்றிக்கொண்டால், துணைவர்களுடைய தியாகமும், ஒரு மலைச்சாலையின் குணமும், ஒரு மத்தியானத்துக் காற்றும் கண்ணில் படாமலே போய்விடும்.

டூர் பந்தயம் ஒரு பத்திரிகையின் குழந்தை. 1903-ல் 'லோட்டோ' என்னும் பிரெஞ்சுப் பத்திரிகை, தன் விற்பனையைப் பெருக்கிக்கொள்ளும் பொருட்டு ஆரம்பித்தது அது. சாலையோரத்தில் ஒரு கணம் ஓட்டக்காரர்களைக் கண்ட ஜனங்கள், மிச்சத்தை எழுத்திலேதான் கண்டார்கள். ஆகவே இதைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு விசேஷமான கடமை ஒன்று உண்டு. வெற்றி வாய்ப்புள்ளவர்கள் என்று நாலு பெயரை அச்சிடுவதற்குப் பதிலாக, அன்றைய சாலையின் ஏற்ற இறக்கத்தையும், காற்றின் திசையையும், குழுக்களில் எஞ்சியிருப்பவர்களின் நிலையையும் காலையில் எழுதட்டும். மறுநாள் தாம் சொன்ன காரணங்களில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதட்டும். அப்படி எழுதும் பத்திரிகையைப் படித்து வளரும் ரசிகர், முடிவு எதுவானாலும், அது எப்படி வந்தது என்பதை அறிந்தவராக இருப்பார்.